நம் ஊர் ஆற்றுக்கு வசந்தம் எப்போது? கயாக்கில் மீன் பிடிக்க ஆசைப்படும் தம்பிக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி நான்கு கேள்வி கேட்டிருக்கிறார். அமெரிக்கக் காணொளிகளில் வசந்த காலம் பிறந்ததும், துடுப்பு போட்டு ஓட்டும் சிறு படகான கயாக்கை ஆற்றில் இறக்கி மீனாக அள்ளுகிறார்களே, நம் பக்கம் அதற்குச் சரியான மாதம் எது? எந்த மாதிரி கயாக் வாங்கலாம்? ஓடுகிற ஆற்றில் நங்கூரம் போடலாமா? பிடித்து வருவது சாப்பிடுகிற மீனா என்று அவர் அம்மா கேட்கிறாராம், அது நான்காவது.

நானும் அந்த ஊர்க்காரன்தான். லிந்தாங் சாலையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, மூங்கில் கழியில் நூல் கட்டி மண்புழு கோர்த்துப் பழகியவன். கயாக் வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்குள் ஒரு தடவை கவிழ்ந்தும் பார்த்துவிட்டேன். அந்தக் கதை நங்கூரம் பற்றிச் சொல்லும்போது வரும்.

முதலில் அந்த வசந்தம். குளிர் நாடுகளில் பனிக்காலம் முழுக்க ஆற்றுத் தண்ணீர் உறைநிலைக்குச் சற்று மேலேயே கிடக்கும். மீனின் உடம்பும் தண்ணீரின் சூட்டையே ஒட்டியிருப்பதால் அதற்குப் பசியே இருக்காது, ஆழமான பள்ளத்தில் அசையாமல் படுத்திருக்கும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டி 15-ஐ நெருங்கும்போது ஸ்மால்மவுத் பாஸ் போன்ற மீன்கள் ஆழத்தை விட்டு, முட்டையிட வசதியான சரளைக்கல் திட்டுகளுக்கு வரும். காணொளியில் ஒருவர் வெப்பமானியைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கிறாரே, அது இதற்காகத்தான். அதே ஆள் வெயிலடிக்கும்போதும் கழுத்துவரை மூடிய ரப்பர் உடுப்பில் இருப்பார். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. நன்றாக நீச்சல் தெரிந்தவனும் முதல் நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்துவிடுவான். அங்கே அந்த உடுப்பு உயிர் காக்கும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு நீங்களும் ஒன்று வாங்கிவிடாதீர்கள். நம் வெயிலில் இட்லியாக வெந்துவிடுவீர்கள்.

நம் ஆற்றுத் தண்ணீர் வருடம் முழுக்க ஏறக்குறைய 26-இலிருந்து 30 டிகிரிக்குள்தான் இருக்கும். அதனால் சூடு நமக்கு மாதத்தைச் சொல்லாது, மழைதான் சொல்லும். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆச்சரியமாக, அந்தக் கணக்கு இங்கேயும் ஓரளவு பொருந்துகிறது. ஜனவரி, பிப்ரவரியில் பேராக் பக்கம் மழை குறைந்து, பால்மரம் (ரப்பர்) இலை கொட்டி நிற்கும், ஆறு மெலிந்து கல் தெரியும். ஏப்ரலில் இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவில் காற்று சும்மா இருக்கும் நாட்கள் வரும். காலையில் சுள்ளென்று வெயில், மத்தியானம் கறுத்து, நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். அந்தப் புது மழை கரையிலுள்ள பூச்சி, புழு, பழம் எல்லாவற்றையும் ஆற்றில் சேர்க்கிறது. நம் ஆற்று மீன்களில் பல, மழை பிடித்துத் தண்ணீர் ஏறும்போதுதான் சினையோடு மேலே நகரும். ஆக அவர்களுக்குச் சூடு செய்கிற வேலையை நமக்கு மழை செய்கிறது.

அதற்காக ஏப்ரல் மாதம் முழுக்க நல்ல நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதத்தைப் பார்த்துக் கிளம்பினால் பாதி நாள் வெறுங்கையோடுதான் வருவீர்கள், ஆபத்து வேறு. நான் பார்ப்பது தண்ணீரின் நிறம். பச்சை கலந்த தெளிவாக இருந்தால் மீன் நம்மை முதலில் பார்த்துவிடும். விடியற்காலை ஒரு மணி நேரம் ஏதாவது கடிக்கலாம், அவ்வளவுதான். தே தாரிக் என்கிற பால் டீயின் நிறத்தில், மிதக்கிற கட்டையும் நுரையுமாக வந்தால் கயாக்கைக் காரிலிருந்து இறக்கவே இறக்காதீர்கள், கடைக்குப் போய் உண்மையான தே தாரிக்கைக் குடியுங்கள். இரண்டுக்கும் நடுவே, பால் கலக்காத டீயான தே ஓவின் நிறம் ஒன்று இருக்கிறது. பழுப்புதான், ஆனால் துடுப்பின் அலகை முழங்கை ஆழத்தில் வைத்தாலும் மங்கலாகத் தெரியும். பெருமழைக்குப் பிறகு இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மட்டம் இறங்கிக்கொண்டே தே தாரிக் தே ஓவாக மாறுகிற அந்தக் காலைப் பொழுதுதான் எனக்கு வசந்தம். அது ஏப்ரலிலும் வரும், ஜூலையிலும் வரும். அக்டோபர், நவம்பரில் மழை விடாமல் பெய்வதால் அபூர்வமாகத்தான் வரும். புதிதாகக் கற்பவருக்கு ஜூன், ஜூலையைச் சொல்வேன். மீன் கொஞ்சம் குறைந்தாலும் ஆறு சாதுவாக இருக்கும்.

மட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். வடிகால், நீர்ப்பாசனத் துறை நாடு முழுக்க உள்ள ஆற்று நிலையங்களின் அளவை வெள்ளத் தகவல் இணையதளத்தில் போடுகிறது. சாதாரணம், வாஸ்படா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று நான்கு படி. நான் படியை மட்டும் பார்ப்பதில்லை. முந்தின நாள் மாலையிலிருந்து மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிப்பேன். ஏறிக்கொண்டிருந்தால் சாதாரணம் என்று போட்டிருந்தாலும் போகமாட்டேன்.

உங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஆறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இரண்டின் குணமும் வேறு. பிளஸ் ஆறு மலையிலிருந்து வருகிறது. மேலே தெமியார் பழங்குடி மக்களின் கிராமங்கள், அதற்கும் மேலே காடு. நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே மலையில் பெய்த மழை சுவர் மாதிரி இறங்கி வரும். மலாய்க்காரர்கள் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். வருமுன் சில அறிகுறிகள் உண்டு: தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கும், இலையும் சுள்ளியும் மொத்தமாக மிதந்து வரும், ஆற்றின் இரைச்சல் மாறும். மூன்றில் ஒன்றைக் கண்டாலும் தூண்டிலைச் சுருட்ட நேரம் செலவழிக்காமல் கரையேறிவிட வேண்டும். உயரமான பக்கம் ஏறுங்கள். ஆற்றுக்கு நடுவிலுள்ள மணல் திட்டு கரையில்லை.

பேராக் ஆறு அப்படியல்ல. அதன் மேல்பகுதியில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என்று வரிசையாக நான்கு மின் அணைகள். கடைசியிலுள்ள செண்டெரோ 1930-இல் இருந்தே நிற்கிறது. அணைக்குக் கீழே, கோலகங்சார் பக்கம், மழையே இல்லாத நாளிலும் மின்சாரத்துக்காகத் தண்ணீர் விட்டால் ஆறு ஏறும், நிறுத்தினால் இறங்கும். காலையில் காரை நிறுத்திய மணலில் மத்தியானம் தண்ணீர் நின்றதை நான் கண்டிருக்கிறேன். அங்கே போனால் கரையில் ஒரு குச்சியைத் தண்ணீர் தொடும் இடத்தில் நட்டு வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். மணல் அள்ளுகிற இடங்களில் அடித்தளம் திடீரென்று பள்ளமாகும், அங்கே இறங்கி நடக்காதீர்கள்.

இனி கயாக். உள்ளே கால் நுழைத்து உட்காருகிற வகை வேண்டாம், மேலே உட்காருகிற வகையை எடுங்கள். அதன் தளத்தில் துளைகள் இருக்கும், உள்ளே வந்த தண்ணீர் தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் நிமிர்த்திப் போட்டு ஏறிக்கொள்ளலாம். நீளம் 10 அடி போதும், அகலம் 30 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். இந்த அளவில் கனம் 25 கிலோவிலிருந்து 30 கிலோவுக்கு மேலும் போகும், தனியாக மைவி காரின் கூரையில் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். கடையில் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காலால் மிதிக்கும் வகை ஏரிக்கு அருமையானது. பிளஸ் ஆற்றில் முதல் கல்லிலேயே அதன் விசிறி அடிபடும். காற்றடைக்கும் வகையை நான் கேலி பேசமாட்டேன், லயத்து வீட்டில் வைக்க இடமில்லாதவர்களுக்கு அதுதான் கயாக். ஆனால் ரெபா என்று தூண்டில்காரர்கள் சொல்கிற, தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் மரக்கிளைகள் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். நான் பழையதாக வாங்கியது 1,400 வெள்ளி. அந்தக் காசில் லைஃப் ஜாக்கெட் சேராது. அதற்குத் தனியாகப் பணம் வையுங்கள், வாங்கியதை முதுகுக்குப் பின்னால் மடித்து வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ரெபாவைப் பற்றி இன்னும் கொஞ்சம். மீனெல்லாம் அங்கேதான் இருக்கும், ஆளை விழுங்குவதும் அதுதான். விழுந்த மரத்தின் கிளைகளுக்கு ஊடே தண்ணீர் போய்விடும், உடம்பு போகாது. வடிகட்டியில் தேயிலைத் தூள் மாட்டுகிற மாதிரி ஆள் மாட்டிக்கொள்வான். அதனால் ரெபாவுக்கு மேல்நீர்ப் பக்கம் நிற்காதீர்கள், கீழ்நீர்ப் பக்கமிருந்து எறியுங்கள். தப்பித்தவறி இழுத்துப் போய் மரத்தில் மோதினால், பயத்தில் எதிர்ப்பக்கம் சாயத்தான் தோன்றும். சாயாதீர்கள். சாய்ந்தால் மேலிருந்து வரும் நீர் கயாக்கின் விளிம்பை அமுக்கிக் கவிழ்த்துவிடும். மரத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி அதன் பக்கமே சாயுங்கள். தண்ணீரில் விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் இரண்டையும் கீழ்நீர்ப் பக்கம் தூக்கி வைத்து மிதந்து போங்கள். வேகமான தண்ணீரில் எழுந்து நிற்க முயன்று, கல்லிடுக்கில் பாதம் சிக்கினால் ஆறு ஆளை முகங்குப்புறத் தள்ளிவிடும்.

நங்கூரம். ஓடுகிற ஆற்றில் வேண்டாம் என்பதுதான் என் பதில். கயாக் வாங்கிய புதிதில், விற்ற கடைக்காரரே இருக்கைக்குப் பக்கத்தில், சரியாக நடுவில், நங்கூரக் கயிறு கட்ட ஒரு கொக்கியை மாட்டிக் கொடுத்தார். கைக்கு எட்டும், வசதி என்றார். பேராக் ஆற்றில் ஒரு காலை அதில் கட்டிக்கொண்டு பாவுங் மீனுக்குக் காத்திருந்தேன். தண்ணீர் விட்டார்கள் போலிருக்கிறது, மட்டம் விரல் விரலாக ஏறியதை நான் கவனிக்கவில்லை. கயிறு விறைத்தது, கயாக் ஆற்றுக்குக் குறுக்கே திரும்பியது, விளிம்பு அமுங்கியது, அவ்வளவுதான். கண் திறந்தபோது தண்ணீருக்குள் இருந்தேன், கால் கயிற்றில். ஜாக்கெட்டில் செருகியிருந்த சின்னக் கத்தி இல்லாவிட்டால் இந்தப் பதிலை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள். இரண்டு தூண்டில் ராடும் பெட்டியும் ஆற்றோடு போயின. வீட்டில் மூன்று மாதம் எனக்குத் தூண்டில் தடை.

கட்டியே ஆக வேண்டும் என்றால், ஓட்டம் மெதுவாக உள்ள இடத்தில், முன்நுனியிலோ பின்நுனியிலோ மட்டும், ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சோடு கட்டுங்கள். அதைவிட நல்ல வழி இருக்கிறது. பெரிய கல்லுக்கோ கரை மூக்குக்கோ பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கிச் சுற்றும் இடம் ஒன்று இருக்குமே, அதற்குள் கயாக்கைச் செருகிவிட்டால் துடுப்பு போடாமலே நிற்கும். மீனும் களைப்பாற அங்கேதான் ஒதுங்கும். இன்னொன்று: ராடைக் கயாக்கோடு கயிற்றால் கட்டலாம், எந்தக் கயிற்றையும் உங்கள் உடம்போடு கட்டாதீர்கள்.

கயாக் வாங்கினால் மீன் கூடும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அது தருவது எதிர்க்கரை. கரையிலிருந்து எறிபவன் பார்க்கிற நிழலுக்குள் நீங்கள் சத்தமில்லாமல் போய் உட்காரலாம். சிற்றோடை பெரிய ஆற்றில் கலக்கும் வாய்க்கு, கலங்கலும் தெளிவும் கோடு போட்டுப் பிரியும் இடத்துக்கு, எதிரிலிருந்து எறியுங்கள். செபராவ் என்கிற வேட்டை மீன் அங்கே இருக்கும். 10 கிராம், 14 கிராம் வெள்ளித் தகடு ஸ்பூன் என்கிற பொய் இரை, 20 பவுண்டு பின்னல் நூல், முன்னால் ஒரு முழம் 30 பவுண்டு லீடர் நூல், ஆறரை அடி ராட் போதும். அடிக்கும்போது நாய் இழுக்கிற மாதிரி இருக்கும், இரண்டாவது ஓட்டத்தில் அது களைத்துவிடும். மூன்று முள் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கி போடுங்கள், அதன் உள்முள்ளையும் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கயாக்கில் மீன் துள்ளுவது நம் மடியில், மறந்துவிடாதீர்கள்.

விரால் ஜாதியான தோமான், ஹாருவான் இரண்டும் ஓட்டமில்லாத பழைய ஆற்றுக் கிளைகளிலும் கைவிட்ட ஈயச் சுரங்கக் குட்டைகளிலும் கிடைக்கும், தவளை லூர் என்கிற பொய் இரை போதும். தண்ணீர்மேல் செக்கச் சிவந்த குஞ்சுக் கூட்டம் கொப்புளித்துக்கொண்டு போனால் அதன் கீழே தாய் தகப்பன் காவல் இருக்கும். அதன்மேல் லூரை எறிந்தால் கோபத்தில் நிச்சயம் அடிக்கும். நானும் ஒரு காலத்தில் எறிந்தவன்தான். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் சில நிமிடத்தில் தின்று தீர்த்ததைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

இரைக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. பழுத்து உதிர்ந்த செம்பனைப் பழம் லம்பாம், பாத்தின் மீன்களுக்கும் மலை ஓடையில் கெலா மீனுக்கும் அல்வா மாதிரி. சிலர் லேசாக அவித்துப் போடுவார்கள், நான் பச்சையாகவே கோர்க்கிறேன். ஆற்றோரம் செம்பனை சாய்ந்து நிற்கிற இடமென்றால் பழம் விழும் டொப் சத்தத்துக்கே மீன் பழகியிருக்கும், இரையை நயமாக இறக்காமல் தொப்பென்று போடுங்கள். ஆனால் உதிரிப் பழம் தோட்டத்துக் கணக்கில் காசு. ஒரு கைப்பிடி என்றாலும் மண்டோரைக் கேட்டு எடுங்கள். கெலாவைத் தேடி மேலே தெமியார் கிராமங்கள் வரை போவதாக இருந்தால் அவர்களிடம் சொல்லி அனுமதி வாங்காமல் தூண்டிலை நனைக்காதீர்கள்.

பேராக் ஆற்றில் பெரிய செதிலும் பக்கவாட்டில் நீளக் கறுப்புக் கோடுகளும் உள்ள மீன் அபூர்வமாக மாட்டினால் அது தெமோலே. அனைத்துலக வாணிபத்தைத் தடுக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள இனம். தண்ணீரை விட்டுத் தூக்காமல் கொக்கியைக் கழற்றி விடுங்கள். மின்சாரம் பாய்ச்சியோ விஷம் கலந்தோ பிடிப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். இரவில் முதுகில் பேட்டரியோடு வருபவர்களோடு வாக்குவாதம் செய்யாமல், தள்ளி வந்து மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் தூண்டிலுக்கு அனுமதி தேவையா என்பதையும் மாவட்ட மீன்வள அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு: ஏழு மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும், பன்னிரண்டுக்குக் கரையில். இளவேனில் இடி கேலிக்குரிய விஷயமல்ல. கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும், திறந்த ஆற்றின் நடுவில் உயர்ந்து நிற்பது நீங்கள் மட்டுமே. முதல் உறுமல் தூரத்தில் கேட்டாலே ராடைப் படுக்க வைத்துவிட்டுக் கரைக்கு வாருங்கள், தனி மரத்தடியில் நிற்காதீர்கள். லிந்தாங்கைத் தாண்டினால் போன் பல இடத்தில் எடுக்காது. எங்கே இறங்குகிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். காலில் புண் இருந்தால், அதுவும் வெள்ளம் வடிந்த வாரத்தில், ஆற்றில் இறங்காதீர்கள், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வரும். போய்வந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், ஆற்றுக்குப் போனதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். தெலுக் இந்தான் பக்கம் கீழே உடாங் காலா என்கிற பெரிய ஆற்று இறாலுக்குப் போகிற ஆசை வந்தால் கயாக்கை வீட்டில் விட்டுவிட்டுப் படகில் போங்கள், அங்கே முதலை உண்டு.

அம்மாவுக்குப் பதில்: விட்டுவிட வேண்டிய தெமோலேயைத் தவிர எல்லாம் சாப்பிடுகிற மீன்தான். ஹாருவான் நம் விரால்தான். ஆப்பரேஷன் ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இதன் சூப்பைத் தேடி மலாய்க்காரர், சீனர், நாம் என்று எல்லாரும் சந்தைக்குப் போகிறோம். பாவுங் கெளுத்தி ஜாதி. முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் உள்ள முள்ளை முதலில் வெட்டிவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும், குத்தினால் கை மறுநாளும் வலிக்கும். நம் புளிக்குழம்புக்கும் சரி, பேராக் மலாய்க்காரர்கள் புளித்த டுரியானில் வைக்கிற தெம்போயாக் குழம்புக்கும் சரி, அதற்கு ஈடில்லை. செபராவும் லம்பாமும் ருசியானவை, ஆனால் ஊசி ஊசியாக முள். லம்பாமைச் செதில் நீக்கி, இரண்டு பக்கமும் அரிசி அகலத்துக்கு ஒரு கீறலாக நெருக்கமாகக் கீறி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் உள்ளே போகத் தேய்த்து அரை மணி ஊற வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் நிறைய ஊற்றி, நெருப்பைக் குறைத்து நிதானமாகப் பொரித்தால் அந்த முள்ளெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும்.